பால் மாவு கொண்டு போனவன்

செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட புருஷன் செல்போனுக்குள் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான். பூவம்மா அதை முதல் தடவை பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டில் அவள் வேலை பார்க்கும் இறால் கம்பெனிக்கு அன்று விடுமுறை. ஐஸில் ஊறி மரத்துப்போன விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் அன்பரசன் பக்கத்தில் வந்து குந்தி, “யம்மா, இத்த பாரு” என்று போனை நீட்டினான்.

ஜெயவேலுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. கல்யாணமான புதிதில் ராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் படத்துக்கு யாரோ வண்ணம் கொடுத்திருந்தார்கள். அவன் போட்டிருந்தது வெளிர் நீலச் சட்டை, அவள் கையால் துவைத்துப் போட்ட சட்டை. போனில் அது காவி நிறமாகியிருந்தது. நெற்றியில் நீளமாக ஒரு குங்குமக் கோடு. அவனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும், சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். இந்தச் சிரிப்பில் பல்வரிசை முத்து மாதிரி முழுசாக இருந்தது. ஆனாலும் தலையைச் சாய்த்தான், இமைத்தான், அவளையே பார்த்தான். பூவம்மா எண்ணெய்க் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எப்டிடா?”

“ஏஐ மா. போட்டோவக் குட்த்தா அதுவே ஆட வெச்சிடும். படிச்சியா கீழ இன்னா போட்டுக்கீதுன்னு?”

எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘வடசென்னை மண்ணின் முதல் பலிதானி ஜெயவேல். மறைக்கப்பட்ட வரலாறு. மறக்க மாட்டோம்.’ பலிதானி என்ற வார்த்தை அவளுக்குப் புதிது. கேட்டதற்கு, ஊருக்காக உசிரக் கொடுத்தவர் என்றான் மகன். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இன்னொரு தடவை போடு என்றாள். இன்னொரு தடவை. அன்றைக்கு மத்தியானம் வரை அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

அன்பரசனுக்கு அந்த வருடம் எதுவும் சரியாக அமையவில்லை. திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. கான்ட்ராக்ட் கைமாறியபோது பழைய ஆட்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். பார்த்த பெண் வீடுகள் ஒன்றொன்றாகத் தட்டிப்போயின. பகலெல்லாம் போனும் கையுமாகக் கிடந்தவனை, ஒரு கட்சியின் முகநூல் பக்கத்தை நடத்தும் வெள்ளத்துரை என்பவர் கண்டெடுத்தார். வடசென்னையின் பழைய கதைகளைச் சேகரிக்கிறோம், உங்க வீட்டிலே யாராவது இருந்தா சொல்லுங்க என்று பதிவு போட்டிருந்தார். அன்பரசன் தன் அப்பாவைப் பற்றித் தனக்குத் தெரிந்த ஒரே வரியை எழுதி அனுப்பினான். மறுநாளே வெள்ளத்துரை போன் செய்து ஒரு மணி நேரம் பேசினார். அவன் அப்பாவைப் பற்றி ஒருவர் ஒரு மணி நேரம் பேசியது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

நடந்தது இதுதான்.

ஜெயவேலும் ஜஹாங்கீரும் ஹார்பர் லாரிகளில் ஒன்றாக மூட்டை ஏற்றியவர்கள். ஒருவன் முதுகுக்கு மற்றவன் மூட்டையைத் தூக்கிவிடுவான், ஒரே பொட்டலத்துச் சோற்றை இரண்டு பேரும் தின்பார்கள். தொண்ணூற்றிரண்டு டிசம்பரில், வடக்கே எங்கோ எதையோ இடித்தார்கள் என்று இங்கேயும் கடைகளை அடைத்தார்கள். ஊரடங்கு போட்டார்கள். போதாததற்கு விடாத மழை. பழைய வண்ணாரப்பேட்டையில் ஜஹாங்கீர் குடியிருந்த சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். அவன் மனைவி ரஹீமுன்னிசா காய்ச்சலில் படுத்துப் பால் வற்றிப்போயிருந்தாள். கைக்குழந்தை தௌசீஃப் பசியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தான். சந்துக்காரர்கள் யாரும் வெளியே தலைகாட்டப் பயந்த நேரம் அது. தகவல் தெரிந்ததும் ஜெயவேல், தெரிந்த மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பின்கதவைத் தட்டி ஒரு பால் மாவு டின் வாங்கினான். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் நடந்தான். பூவம்மாவுக்கு அப்போது ஆறாம் மாசம். சீக்கிரம் வந்துடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

சந்து முனையில் விளக்குக் கம்பத்திலிருந்து அறுந்த கம்பி தண்ணீருக்குள் கிடந்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்தது ஜஹாங்கீர். கட்டில் சட்டம் ஒன்றைப் பிடுங்கிவந்து கம்பியை அடித்து விலக்கப் பார்த்ததில் அவன் வலது கை வெந்துபோனது. இழுத்து மேட்டில் போட்டு, சந்திலிருந்த ஆட்கள் நாலைந்து பேர் கூடித் தூக்கி மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கிடத்திப் பெடலை மிதித்தார்கள். ஊரடங்கில் கூட்டமாக எங்கே போகிறீர்கள் என்று போலீஸ் வழியில் நிறுத்தியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உயிர் இல்லை. காசிமேட்டு இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அதே ஆட்கள்தான். பறை இல்லை, பூ இல்லை. எந்தக் கட்சிக்காரனும் எட்டிப் பார்க்கவில்லை. கரண்ட் அடித்துச் செத்த ஒரு மூட்டைக்காரன் பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லவும் இல்லை.

ஜஹாங்கீர் மட்டும் விடவில்லை. அன்பரசன் பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவன் அவன்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்துப்போனதும், காசிமேட்டுக் கடலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நீச்சல் பழக்கியதும் அவன்தான். அன்பரசன் அவனை மாமு என்றுதான் கூப்பிடுவான். நோன்பு மாசத்தில் ரஹீமுன்னிசா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புவாள், தௌசீஃபும் அன்பரசனும் அதற்கு அடித்துக்கொள்வார்கள்.

இருந்தும் பூவம்மாவுக்குள் ஒரு முள் தங்கிப்போயிற்று. அந்தக் குழந்தை அன்றைக்குப் பசியோடு கிடந்திருக்கலாம், வேறு யாராவது போயிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும். ரஹீமுன்னிசாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை, உடம்பு நொந்து வீடு திரும்பும் நாட்களில் மகனிடம் சொல்லியிருக்கிறாள்: “அந்த வூட்டுக்குப் போய்த்தான்டா உங்கப்பன் செத்தான்.” பொய்யில்லை. ஆனால் மகனுக்கு அவள் கொடுத்தது அந்த ஒரு வரிதான். பால் மாவையும் மழையையும் மீன்பாடி வண்டியையும் பற்றிப் பேச அவளுக்குத் தெம்பு இருந்ததில்லை. அந்த வரியைத்தான் அவன் எழுதி அனுப்பியிருந்தான்.

அடுத்த மாதம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கார் வந்து அவளை அழைத்துப்போனது. வெள்ளத்துரை நாற்பது வயது மதிக்கத்தக்க, மெதுவாகப் பேசுகிற ஆள். எல்லோர் முன்னாலும் குனிந்து அவள் காலைத் தொட்டார். இத்தனை வருஷம் உங்களைத் தேடி வராதது எங்க தப்பும்மா என்றார். மேடையில் ஜெயவேலின் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. மைக்கில் ஒருவர் அவன் பெயரைச் சொல்ல, மண்டபம் முழுக்க வீரவணக்கம் என்று திருப்பிச் சொன்னது. பூவம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அவனுக்குப் போடக் கிடைக்காத பூவையெல்லாம் இன்று கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவர்கள் போட்ட சால்வையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையையும் படம் எடுத்தார்கள்.

பேச்சு போகப் போகத்தான் திக்கென்றது. இளைஞனாக இருந்தவன், தனியாகப் போனவன், அந்தச் சந்துக்குள் போனவன் திரும்பி வரவில்லை என்றார் பேசியவர். உள்ளே இழுத்தது யார் என்று கூட்டத்தைக் கேட்டார். கூட்டம் பதில் சொன்னது. பூவம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்துரையின் கையைப் பிடித்தாள்.

“இன்னாப்பா சொல்றாரு? கரண்டு அடிச்சில்ல செத்தாரு.”

வெள்ளத்துரை அவள் பக்கம் குனிந்தார். சிரித்த முகம் மாறவில்லை. “தெரியும்மா. அந்தக் கரண்டு கம்பி தண்ணிக்குள்ள எப்படி வந்துச்சுன்னுதான் நாங்க கேக்கறோம். கேக்கறதுல என்ன தப்பு?”

அவள் அவர் கையை விட்டுவிட்டாள். கீழே முதல் வரிசையில் அன்பரசன் போனைத் தூக்கிப் பிடித்து மேடையைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். எழுந்து மைக்கைப் பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சால்வையோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வாரமே அடுத்த வீடியோ வந்தது. அவள் அழுத முகத்தில் ஆரம்பித்து, மேலேயிருந்து பார்த்த ஊர்ப்படத்தில் இறங்கி, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில் ஒரு சிவப்பு அம்புக்குறியாகக் குத்தி நின்றது. கம்பி தானாக அறுந்ததா, அறுத்தார்களா? அன்று ஜெயவேலை அழைத்தது யார்? அந்த வீடு இன்றும் இருக்கிறது. கடைசியில் ஒரு கடைப் பலகை: ‘தௌசீஃப் சீட் ஒர்க்ஸ்.’ ஆட்டோக்களுக்கு சீட் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை. பால் மாவுக்காக அழுத குழந்தை வளர்ந்து வைத்த கடை.

லட்சக்கணக்கில் பார்த்தார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேர் வண்ணாரப்பேட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள். ஆனால் தெரிந்தவர்களும் இருந்தார்கள். வழக்கமாக வரும் ஆட்டோக்காரர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலங்களில் பைக்கில் பையன்கள் வந்து கடை முன்னால் நிறுத்தி, ஜெயவேல் பெயரைச் சொல்லி வீரவணக்கம் கத்திவிட்டுப் போனார்கள். போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதற்கு, பெயர் சொல்லித் திட்டவில்லையே, கொஞ்ச நாள் கடையை மூடிவையுங்கள், தானாக அடங்கிவிடும் என்றார்கள்.

பூவம்மா அந்த வீட்டுக்குப் போனபோது ரஹீமுன்னிசா கதவைப் பாதி திறந்து, யாரென்று பார்த்து, ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு வழிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை. உள்ளே ஜஹாங்கீர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. வெந்த கையின் விரல்கள் இரண்டு அப்போதிலிருந்தே மடங்குவதில்லை. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, “வா பூவம்மா” என்றார்.

நான் அப்படிச் சொல்லலைண்ணே என்று ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? அத்த வுடு. தௌசீஃபு நேத்து வந்து கேக்கறான், அத்தா, நெசமா இன்னாதான் நடந்துச்சுன்னு. எம் புள்ளைக்கே சந்தேகம் வந்துட்ச்சி. நானும் ரா முழுக்க யோசிச்சுகினே இருந்தேன். நான் அன்னிக்கு வெரசா அட்ச்சிருந்தா பொழச்சிருப்பானோ, சட்டத்த எடுக்கறதுக்குள்ள லேட்டாய்ட்ச்சோ… இத்தினி வருசம் கழிச்சி என்னியே நான் கேக்கறேன்.”

ரஹீமுன்னிசா சமையலறைப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். பூவம்மா அவளிடம் போனாள். அவள் தோளைத் தொட்டதும் ரஹீமுன்னிசா உடைந்து அழுதாள். என் பிள்ளை பசிக்கு வந்தவன் பூவு அவன், நான் அவனுக்கு துவா செய்யாத நாள் உண்டா என்றாள். மனசிலே இருந்த முள் பூவம்மாவுக்கு அப்போது நன்றாகவே வலித்தது. எத்தனை வருடம் இவளோடு பேசிச் சிரித்துக்கொண்டே இவளை உள்ளுக்குள் குற்றம் சொல்லியிருக்கிறோம் என்று நினைத்தாள். சொல்லிவிடலாமா என்றுகூட நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சுமக்க அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான பாரம் இருந்தது.

ஜஹாங்கீரின் மகள் தஸ்னீம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்ப்பவள். நீங்களே ஒரு வீடியோவில் சொல்லுங்க அத்தை, உங்களைவிட யார் சொன்னால் நம்புவாங்க என்றாள். அந்த வீட்டுச் சுவர் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பூவம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பால் மாவு, கம்பி, கட்டில் சட்டம், மீன்பாடி வண்டி. எங்க வீட்டுக்காரர யாரும் கொல்லல, இந்த அண்ணன்தான் காப்பாத்தப் பாத்தாரு என்று முடித்தபோது அவளுக்கு நெஞ்சு லேசானது. மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு போனுக்குச் சொல்கிறோமே என்று ஒரு நினைப்பும் ஓடியது.

தஸ்னீம் அதைப் போட்டாள். சில நூறு பேர் பார்த்தார்கள். நல்லவர்கள் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். பின்னால் தெரியும் சுவரில் பச்சை நாட்காட்டியைப் பார், பிடித்துவைத்துப் பேசவைத்திருக்கிறார்கள் என்றார்கள். இது ஏஐ, உதடு ஒட்டவில்லை என்று ஒருவன் எழுதினான். அதைத்தான் எல்லோரும் பகிர்ந்தார்கள். குங்குமம் வைத்துப் பல் முளைத்து ஆடிய ஜெயவேல் அவர்களுக்கு நிஜமாகிவிட்டான். உயிரோடு உட்கார்ந்து பேசிய அவன் பெண்டாட்டி பொய்யாகிவிட்டாள். தஸ்னீம் ஆஸ்பத்திரிக்கும் போய் விசாரித்தாள். அவ்வளவு பழைய ரெக்கார்டெல்லாம் வைத்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அதெல்லாம் ஊரார் செய்தது. பூவம்மாவால் தாங்க முடியாமல் போனது அதற்கடுத்த நாள் வந்தது. அன்பரசன் தானே போன் முன்னால் உட்கார்ந்து பேசியிருந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் அப்பாவின் வண்ணப்படம் தெரிய. அவன் பேச்சு அவன் பேச்சாகவே இல்லை, யாரோ எழுதிக் கொடுத்த தமிழில் இருந்தது. என் தாய் வயதானவர், பல வருட வேதனையில் மனம் கலங்கியவர், அவரை அழைத்துப் போய் மிரட்டிப் பேச வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து என் தாயை விட்டுவிடுங்கள் என்று கைகூப்பினான். இறால் கம்பெனியில் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிறவள்தான் அதைக் காட்டினாள். பூவம்மா முழுசாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கையிலிருந்த இறாலை உரித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். “எனக்குப் பைத்தியம்னு சொன்னியாடா?”

“பைத்தியம்னு சொல்லல. மனசு கலங்கிட்ச்சின்னேன்.”

“ஜஹாங்கீரு அண்ணன் உன்ன தோளு மேல தூக்கினு திரிஞ்சவருடா. அவரு கொலகாரனா? என் மூஞ்சப் பாத்து சொல்லு.”

அவன் சுவரைப் பார்த்தான். சண்டை போட வருவான், குரலை உயர்த்துவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் குரல் இறங்கித்தான் வந்தது.

“மாமு கொன்னாருன்னு நான் சொன்னனா? எங்கியாச்சும் சொன்னனா? நான் எங்கப்பாவப் பத்தி மட்டும்தான் பேசறேன். சின்ன வயசுல இஸ்கூல்ல, உங்கப்பா இன்னா பண்றாருன்னு கேப்பாங்க. கரண்டு அட்ச்சி செத்துட்டாருன்னு தெருவுல கேட்டத சொன்னா சிரிப்பாங்கம்மா. ஒர்த்தன் கரண்டு கம்பில மாட்டுன காக்கா மாதிரி நின்னு காட்டுவான். உன்னாண்ட கேட்டா நீ அழுவ, இல்லாங்காட்டி திட்டுவ. எனக்கு அப்பான்னு ஒர்த்தரு இப்பத்தான் கெடச்சிக்கீறாரு. அத்தயும் புடுங்கிக்காத.”

பூவம்மா அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். உங்கப்பா எப்படிப்பட்டவர் என்று அப்போதுதான் முதன்முதலாகச் சொல்லத் தொடங்கினாள். மூட்டைக்கு நடுவில் பாட்டுப் பாடுவார், புளிப்பு ஆகாது, பூனை குறுக்கே வந்தால் நின்று அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார், நீ வயிற்றில் உதைத்தால் காதை வைத்துக் கேட்பார். பயந்து கிடந்த சந்துக்குள் ஒரு பச்சைப்பிள்ளைக்குப் பால் மாவு கொண்டு போனார், அதைவிடப் பெரிய சாவு என்னடா வேண்டும் உனக்கு என்றாள். அன்பரசன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். கண்கூட நிறைந்தது. அவன் கையில் போன் அதிர்ந்தது. வெள்ளத்துரை. எடுத்துக்கொண்டு மாடிப்படி பக்கம் போய்விட்டான். திரும்பி வந்தபோது கேட்டது ஒன்றுதான்: அந்தப் பூனை கதையைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று.

கடைக் கதவில் ஒரு நாள் யாரோ கரியெண்ணெய் ஊற்றிவிட்டுப் போன பிறகு, தௌசீஃப் கடையைக் காலி செய்தான். அவன் மாமனார் வீடு பொன்னேரியில் இருந்தது. தையல் மிஷின்களையும் கட்டிலையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பமே கிளம்பியது. ஜஹாங்கீர் பிறந்தது, வேலை பார்த்தது எல்லாம் அந்த இரண்டு மைல் சுற்றளவுக்குள். வண்டியில் ஏறும்போது அவர் சந்து முனையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பூவம்மாவிடம் சொன்னார்கள். அவள் அன்றைக்குக் கம்பெனியில் இருந்தாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

டிசம்பரில் ஜெயவேல் செத்த நாள் வந்தது. காசிமேட்டு இடுகாட்டிலிருந்து ஊர்வலம் என்று தெருவெல்லாம் பேனர். அன்பரசன் விடியலிலேயே போய்விட்டான். பத்து மணிக்குக் கார் வரும், தயாராக இரு என்று சொல்லியிருந்தான். பூவம்மா குளித்து, ஒரு பழைய புடவையைக் கட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தாள். கும்மிடிப்பூண்டி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எண்ணூர், அத்திப்பட்டு, வள்ளூர் பக்கத்துப் புகைபோக்கிகள் எல்லாம் பின்னால் போயின. பொன்னேரியில் இறங்கி, செம்மண் தெருக்களில் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள்.

ரஹீமுன்னிசா இந்தத் தடவை கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். சோறு போட்டாள். ஜஹாங்கீர் இளைத்திருந்தார். வருடா வருடம் இந்த நாளில் அவர் தனியாகக் காசிமேட்டுக்குப் போய் ஜெயவேலைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாராம். பூவம்மாவுக்கே அது தெரியாது, ரஹீமுன்னிசா சொல்லித்தான் தெரிந்தது. இந்த வருடம் போக முடியவில்லை. காலையிலிருந்து சட்டை போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் மெல்ல ஆரம்பித்தார். “பூவம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டியே. இனிமே இங்க வராதம்மா.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தௌசீஃபு இங்க புச்சா கடை போட்டுக்கிறான். யாரு, எங்கருந்து வந்தாங்கன்னு இங்க ஒர்த்தனுக்கும் தெரியாது. உன் மூஞ்சி இப்ப ஊரு பூரா தெரிஞ்ச மூஞ்சி. நீ வந்து போறத ஒர்த்தன் படம் புட்ச்சிப் போட்டாப் போதும்.” வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “அந்த விசயத்த இனி நீயும் பேசாத, நானும் பேசல. உனுக்கு கீறது ஒரே புள்ள. அவன்கூட இரு.”

“அப்போ அவரு? அவரு எப்டி செத்தாருன்னு அப்பால யாருண்ணே சொல்லுவாங்க?”

ஜஹாங்கீர் மடங்காத விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். தெருவில் இறங்கவில்லை.

திரும்பி வந்து விளக்கேற்றும் நேரத்துக்கு அவள் வீட்டில் இருந்தாள். அன்பரசன் தோளில் சால்வையோடு வந்தான். எங்கே போனாய், கார் வந்து காத்துக்கிடந்தது, எல்லோர் முன்னாலும் மானம் போயிற்று என்று கத்தினான். பிறகு அவள் காலில் இருந்த செம்மண்ணைப் பார்த்தான். கத்துவதை நிறுத்தினான். அவள் தட்டை வைத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றினாள். அவன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். தெருமுனையில் பேனர் கழற்றுகிறவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாதிச் சாப்பாட்டில், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான். “மாமு எப்டிக்கீறாரு?”

பூவம்மா அவனைப் பார்த்தாள். அப்பனைக் கொன்றவர் என்று நம்புகிறவன் இப்படி விசாரிக்க மாட்டான், அப்படியென்றால் அவனுக்கு எல்லாமே தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். பொய்யை நம்பித்தான் பேசுகிறான், ஒரு நாள் திருத்திவிடலாம் என்று அவள் இத்தனை நாள் வைத்திருந்த ஆறுதல் அந்த ஒரு கேள்வியில் போயிற்று.

“எளச்சிட்டாரு” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். சோற்றைக் கொஞ்ச நேரம் விரலால் அளைந்துகொண்டிருந்தான். போன் ஒளிர்ந்தது. இடது கையால் அதை எடுத்து, அன்றைய ஊர்வலத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று தள்ளித் தள்ளிப் பார்க்கத் தொடங்கினான். பூவம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, சட்டியை மூட உள்ளே போனாள்.